சின்ன பட்ஜெட் காமெடிப் படமா? எடிட்டரை முதலில் பிடியுங்கள்

பாசிர் கூடாங்கிலோ மாசாயிலோ நான்கு நண்பர்கள் சேர்ந்து நகைச்சுவைப் படம் எடுப்பது என்று முடிவு செய்தால், முதல் கூட்டத்தில் கேமராவைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாவது கூட்டத்தில் கதாநாயகியைப் பற்றி. எடிட்டரின் பேச்சு, படப்பிடிப்பெல்லாம் முடிந்து ஹார்ட் டிஸ்க் நிரம்பிய பிறகுதான் வரும். அதற்குள் கையிலிருந்த பணமும் கரைந்திருக்கும். சிரிக்க வைக்க வேண்டிய படத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. சண்டைக் காட்சியை இசையும் வேகமும் ஓரளவு தாங்கிப் பிடிக்கும். சோகக் காட்சியை நல்ல நடிகரின் முகம் தாங்கும். நகைச்சுவை மட்டும் கால் நொடி பிசகினாலும் விழுந்துவிடும். நொடிக்கு 24 பிரேம் என்றால் அந்தக் கால் நொடி வெறும் 6 பிரேம். அதைப் பிடித்துத் தருகிறவர் எடிட்டர். திரைக்கதையின் முதல் பிரதி முடிந்த வாரத்திலேயே அவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

"இன்னும் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை, எடிட்டருக்கு என்ன வேலை?" என்று காசு போடுகிறவர் கேட்பார். எடுக்காத ஷாட்டை யாராலும் ஒட்ட முடியாது என்று சொல்லுங்கள். பெரிய கம்பெனியில் ஒன்று விட்டுப்போனால் இரண்டு நாள் பேட்ச் வொர்க் வைத்து எடுத்துவிடுவார்கள். உங்கள் நிலைமை வேறு. கதாநாயகன் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். ஒப்பனைக்கு வந்த தங்கைக்கு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். மாமாக் கடை முதலாளி ஒரே ஒரு ராத்திரிதான் இடம் கொடுப்பார். அந்த ராத்திரியில் எந்தெந்த முகங்கள் கட்டாயம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர் எடிட்டர்தான்.

முகங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். கதை சொல்வது நாகேஷ். நாம் வயிறு வலிக்கச் சிரிப்பதில் பாதி பாலையாவின் முகத்தைப் பார்த்து. காமெடியில் பேசுகிறவரைவிடக் கேட்கிறவருக்கு வேலை அதிகம். புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் கேமராவைப் பேசுகிறவர் மேலேயே வைத்திருப்பார்கள். எடிட்டிங்கில் உட்காரும்போது வெட்டிப் போக இன்னொரு முகம் இருக்காது. வசனத்தில் நடுவே இழுவையாக இருக்கும் ஒரு வரியைத் தூக்கக்கூட வழியிருக்காது.

இதற்குச் செலவில்லாத ஒரு பழக்கம் போதும். ஒவ்வொரு காட்சியிலும் வசனமே இல்லாத நடிகர் மேல் முழுக் காட்சியையும் ஒரு டேக் எடுத்துவிடுங்கள். பஞ்ச் வரி முடிந்ததும் 'கட்' சொல்லாமல் ஐந்து நொடி பொறுங்கள். நடிகர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கும் அந்த ஐந்து நொடியில்தான் பல சமயம் எடிட்டர் தேடுவது கிடைக்கும். 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012) சின்ன முதலீட்டில் புது ஆட்கள் எடுத்த படம். இயக்கம் பாலாஜி தரணீதரன், எடிட்டிங் கோவிந்தராஜ். ஞாபகம் போன மாப்பிள்ளை ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். சொல்வது மாறாது. பக்கத்தில் நிற்கும் மூன்று நண்பர்களின் முகம் ஒவ்வொரு தடவையும் மாறும், ஒவ்வொரு தடவையும் வெட்டு விழும் இடமும் மாறும். எடிட்டராக நினைப்பவர்கள் அந்தப் படத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்ப்பது நல்ல பாடம்.

எப்படிப்பட்ட எடிட்டர்?

கோலாலம்பூரில் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அவர்களின் சம்பளம் உங்கள் மொத்த பட்ஜெட்டை எட்டலாம். பக்கத்திலேயே தேடினால் இரண்டு வகை ஆட்கள் கிடைப்பார்கள். இஸ்கண்டார் புத்ரியில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் திரைக்கலைப் புலம் ஒன்றைத் தொடங்கியது. அதே வட்டாரத்தில், முன்பு பைன்வுட் பெயரோடு தொடங்கிய இஸ்கண்டார் மலேசியா ஸ்டூடியோஸும் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸின் 'மார்க்கோ போலோ' தொடர் எடுக்கப்பட்ட இடம் அது. அந்தப் புலத்தில் படித்தவர், அந்த ஸ்டூடியோவில் உதவியாளராக நின்றவர் யாராவது அகப்பட்டால் பெரிய படப்பிடிப்பின் ஒழுங்கு அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது வகை, கல்யாண வீடியோ எடிட் செய்கிற நம்ம பையன்கள். இவர்களைக் குறைத்து எண்ணாதீர்கள். வேகம், கெடு தவறாமை, எட்டு மணி நேரக் காட்சியில் நல்ல மூன்று நிமிடத்தைக் கண்டெடுக்கும் பொறுமை மூன்றும் இவர்களிடம் உண்டு. பழகிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கல்யாண வீடியோவில் பாட்டுத் தாளத்துக்கு வெட்டுவார்கள். நகைச்சுவையில் பேச்சுக்கும் மௌனத்துக்கும் வெட்ட வேண்டும். வெட்டாமல் விடவும் தெரிய வேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு நேரான சோதனை: ஒரு காட்சியை எல்லா டேக்குகளோடும் இரண்டு பேரிடம் கொடுத்து, இருவருக்கும் அந்த வேலைக்குரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வந்ததைப் பார்க்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். சிரிப்பு வர வேண்டிய இடத்துக்கு முன்னால் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறாரா? நடிகரின் ஆகச் சிறந்த டேக்கை எடுத்தாரா, ஆக அழகான டேக்கையா? நீங்கள் எழுதிய வரி ஒன்றைத் துணிந்து வெட்டியிருக்கிறாரா? அப்படி வெட்டியவர் காரணத்தையும் தெளிவாகச் சொன்னால், அவரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிர் கூடாங்கின் சத்தம்

நம் ஊரில் எடுத்த காட்சியை ஒட்டும்போது எடிட்டரைப் பாடாய்ப் படுத்துவது படமல்ல, பின்னணி ஓசை. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகள், தலைக்கு மேலே விமானம், துத்தநாகக் கூரையில் மழை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. நடிகர் 'ஏன்டா' என்று கேட்கும் டேக்கில் லாரி உறுமுகிறது, பதில் சொல்லும் டேக்கில் நிசப்தம் என்றால், வெட்டு விழுந்த இடம் காதுக்குத் தெரிந்துவிடும். காதுக்குத் தெரிந்த வெட்டில் சிரிப்பு நிற்காது. பாங்கு ஒலிக்கும்போது படப்பிடிப்பை நிறுத்துங்கள். அது மரியாதையும்கூட, எடிட்டருக்குச் செய்யும் உதவியும்கூட. தொழுகை அழைப்பு பாதியில் அறுந்து மறுபடி தொடங்கும் காட்சியை எந்தத் திரையிலும் காட்ட முடியாது. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளும் கெடும். மழைக்காலத்தைத் தள்ளி வைப்பதுதான் புத்தி.

ஒவ்வொரு இடத்தை விட்டுப் புறப்படும் முன்னும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே இடைவெளியை நீட்டவும் சுருக்கவும் எடிட்டருக்கு அந்த ஒரு நிமிடம் வேண்டும். மௌனத்தை நீட்ட முடியாத எடிட்டரால் காமெடியைக் காப்பாற்ற முடியாது. கையில் 3,000 ரிங்கிட் மிஞ்சினால் கேமராவைப் பெரிதாக்க வேண்டாம், ஒலிப்பதிவாளருக்குக் கொடுங்கள்.

கைப்பேசியில் சில ஷாட்டுகளை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல கைப்பேசிகள் பிரேம் வேகத்தை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை. தனியாகப் பதிந்த ஒலியோடு சேர்க்கும்போது போகப் போக உதடும் சொல்லும் விலகும். வேகத்தைப் பூட்டி வைக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். 24 பிரேமா 25 பிரேமா என்பதை எடிட்டரோடு பேசி முதல் நாளே முடிவு செய்து, எல்லாக் கருவியிலும் அதையே வையுங்கள்.

கணக்கையும் போட்டு வையுங்கள். 20 நாள் படப்பிடிப்பில் நாளுக்கு 2 மணி நேரம் பதிவானால் 40 மணி நேரம். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதியும் கேமராவில் மணிக்குச் சுமார் 45 ஜிபி. மொத்தம் 1.8 டிபி. அதை ஒரு தடவை பார்த்து முடிக்கவே எடிட்டருக்கு நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 5 நாள் ஆகும். "அண்ணே, எப்போ முடியும்?" என்று மூன்றாம் நாளே கேட்கிற தம்பிகள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். நகல் இரண்டு டிஸ்க்கில் கட்டாயம், முடிந்தால் மூன்றில். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒன்றை அஞ்சலில் கோலாலம்பூருக்கு அனுப்புவதானால் இன்னொன்று பாசிர் கூடாங்கிலேயே இருக்கட்டும். கிளாப் அடிப்பதையும், எந்த டேக் நன்றாக இருந்தது என்று எழுதி வைப்பதையும் வெட்டி வேலை என்று நினைக்காதீர்கள்.

நடிகர்கள் செட்டிலேயே சொந்தமாகப் பேசிக்கொண்டே போனால் இந்தக் கணக்கு உடையும். நியூசிலாந்தின் 'வாட் வீ டூ இன் தி ஷேடோஸ்' (2014) அப்படித்தான் எடுக்கப்பட்டது. 100 மணி நேரத்துக்கும் மேல் காட்சிகள், ஒன்றுக்கு மேற்பட்ட எடிட்டர்கள், எடிட்டிங்குக்கே ஓராண்டுக்கு மேல். படம் அருமையாக வந்தது. அவ்வளவு காலம் காத்திருக்க உங்களால் முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் எழுதியதை ஒரு டேக், சொந்தச் சரக்கை ஒரு டேக் என்று வரம்பு வைத்துவிடுங்கள்.

முதல் கட் பார்த்த ராத்திரி

முதல் தொகுப்பு எப்போதும் நீளமாக இருக்கும், சிரிப்பும் வராது. இயக்குநர்கள் மனமுடைந்து போகும் இடம் இதுதான். எடிட்டர் மேல் கோபம் வருவதும் இங்கேதான். அந்த ராத்திரி எதையும் பேசாதீர்கள். படம் செத்துவிட்டதாகத் தோன்றுவது எல்லாருக்கும் நடப்பது. வுடி ஆலனின் 'ஆனி ஹால்' (1977) முதலில் 'அன்ஹெடோனியா' என்ற பெயரில், ஒரு மனிதனின் மனக்குழப்பங்களைப் பற்றி எங்கெங்கோ அலையும் படமாக எடுக்கப்பட்டது. முதல் வடிவம் சுமார் 2 மணி 20 நிமிடம். எடிட்டர் ரால்ஃப் ரோசன்ப்ளமும் ஆலனும் உட்கார்ந்து பார்த்தபோது, உயிரோடு இருப்பது அதற்குள் இருக்கும் காதல் கதை மட்டும்தான் என்று கண்டார்கள். மற்றவற்றைத் தூக்கிப் போட்டார்கள். 93 நிமிடத்தில் முடிந்த அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. நம் கணக்கில் அது சின்னப் படமல்ல. ஆனால் அந்த மேசையில் நடந்த வேலைக்கு வேண்டியிருந்தது பணமல்ல, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் மனசு.

கெவின் ஸ்மித்தின் 'கிளார்க்ஸ்' (1994) நம் அளவுக்குப் பொருந்தும் படம். 27,575 டாலரில் எடுத்தது. கடைக்காரப் பையனைக் கொள்ளைக்காரன் சுட்டுக் கொல்வதுபோல முடிவு எடுத்திருந்தார்கள். முன்கூட்டிப் பார்த்த அனுபவசாலிகள் சொன்னதைக் கேட்டு அந்த முடிவை வெட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் சிரித்தவர்களை அப்படி வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை, பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

வெட்டுவதே எடிட்டிங் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் ஷினிசிரோ உவேதா 30 லட்சம் யென்னில் எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) படத்தின் முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். இடையிடையே நடிகர்கள் காரணமில்லாமல் தயங்குவார்கள், பேச்சு நின்று போகும், ஏதோ தப்பாக எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அந்தத் தயக்கங்களுக்கெல்லாம் பின்பாதியில் விடை வரும்போது அரங்கம் அதிரும். முன்பாதியைப் பார்த்த அவசரக்கார எடிட்டர் அவற்றை இறுக்கியிருந்தால் பின்பாதியில் சிரிப்பே இல்லை. 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது அந்தப் படம். பின்னால் வரும் எந்தச் சிரிப்புக்கு முன்னால் எது விதை என்று ஒரு பட்டியல் எழுதி எடிட்டரின் மேசையில் ஒட்டுங்கள். இயக்குநர் எடிட்டருக்குத் தரக்கூடிய ஆகப் பயனுள்ள தாள் அது.

கருத்துச் சொல்வதிலும் முறை இருக்கிறது. "இங்கே கொஞ்சம் பிக்கப் ஆகணும்" என்றால் எடிட்டர் என்ன செய்வார்? "பன்னிரண்டாவது நிமிடத்தில் அத்தை ஏன் கோபப்படுகிறார் என்று புரியவில்லை" என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தட்டுப்பட்ட நோயைச் சொல்லுங்கள், மருந்தை அவர் தேடட்டும். சில சமயம் கோளாறு பன்னிரண்டாவது நிமிடத்தில் இருக்காது, எட்டாவது நிமிடத்தில் தூக்கிவிட்ட ஒரு பார்வையில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் பத்து விதமாக எழுதி, நடுராத்திரியில் குரல் பதிவும் அனுப்பும் வழக்கத்தை ஒழியுங்கள். எல்லாருடைய கருத்தையும் ஒருவர் தொகுத்து, நேரக் குறிப்போடு ஒரே கடிதமாக அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் இயக்குநராக இருப்பது நல்லது. காசு போட்ட மாமா நேராக எடிட்டரைக் கூப்பிட்டு, "என் மகன் வரும் காட்சியை நீட்டு" என்று சொல்லும் நிலை வந்தால் குறுக்கே நிற்க வேண்டியவரும் இயக்குநர்தான்.

இன்னொரு பொறி தற்காலிக இசை. இளையராஜா பாட்டைக் கீழே போட்டு எடிட் செய்தால் எந்தக் காட்சியும் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு உரிமை வாங்க உங்களிடம் பணம் இருக்காது, பாட்டை எடுத்ததும் காட்சி வெறிச்சோடிப் போகும். முதலில் இசையே இல்லாமல் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள். 'மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்' (1975) முதல் திரையிடலில் விழுந்தது. ஒலியும் இசையும் நகைச்சுவையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. பின்னர் ஒலியைக் குறைத்து, டி வுல்ஃப் நிறுவனத்தின் ஆயத்த இசைத் தொகுப்பிலிருந்து பலவற்றைச் சேர்த்தார்கள். விலை குறைந்த இசையே அந்தப் படத்துக்குப் பொருந்தியது.

யாருக்குப் போட்டுக் காட்டுவது?

படத்தில் நடித்தவர்களுக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் காட்டிப் பயனில்லை. அவர்கள் எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள். கோயில் மண்டபத்திலோ பாலாய் ராயாவிலோ முப்பது பேரைக் கூட்டுங்கள். உங்களைத் தெரியாதவர்கள், வயது வேறுபட்டவர்கள். ஷிப்ட் முடிந்து களைத்து வந்தவர்களும் இருக்கட்டும். களைத்தவரைச் சிரிக்க வைத்தால் யாரையும் சிரிக்க வைக்கலாம். எடிட்டர் திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கும்படி உட்கார வேண்டும். கூட்டத்தின் ஓசையைப் பதிவு செய்து, மறுநாள் அதைப் படத்தின் கீழே ஒரு தடமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே நாற்காலி கிறீச்சிட்டது, எந்தச் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கியது எல்லாம் பிரேம் கணக்கில் தெரியும். வாயால் சொல்லும் கருத்துகளைவிட அந்த ஒலித்தடம் நம்பத்தக்கது.

அந்த முப்பது பேரில் மலாய்க்காரரும் சீனரும் இருக்க வேண்டும். நம் நாட்டில் தமிழ்ப் படத்துக்கு மலாய் வசன வரி போடுகிறோம். நகைச்சுவைக்கு அதில் ஒரு ஆபத்து உண்டு. தமிழில் திருப்பம் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும், மலாயில் முன்னாலேயே வந்துவிடும். முழு வரியையும் ஒரே தடவையில் போட்டால் நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே வாசித்தவர் சிரித்திருப்பார், இல்லையென்றால் சிரிக்கவே மாட்டார். வரியை இரண்டாக உடைத்து, திருப்பத்தை நடிகர் உச்சரிக்கும் பிரேமில் போட வேண்டும். வசன வரி எழுதுகிறவர் எடிட்டரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. இரு மொழியின் வேகத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் அப்டிலின் சௌகியின் 'பாப்பாடோம்' (2009), அதையே அவர் தமிழில் எடுத்த 'அப்பளம்' (2011) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். விமலா பெருமாளின் 'வெட்டி பசங்க' (2014), 'வெடிகுண்டு பசங்க' (2018) படங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். நம் பேச்சுவழக்குக்கே உரிய வேகம் அவற்றில் இருக்கிறது.

திரையரங்குக்குப் போவதானால் தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டும். இனம், சமயம் தொட்ட வசனங்கள் இருந்தால், வேறு வரியோடு மாற்று டேக் ஒன்றைப் படப்பிடிப்பிலேயே எடுத்து வையுங்கள். கடைசி நேரத்தில் ஒரு சொல் போனாலும் காட்சி தப்பும்.

சம்பளம்

நண்பர்தானே என்று எழுத்தில் எதுவும் போடாமல் தொடங்கும் வேலைதான் நட்பையும் முறிக்கும். ஒரு பக்கக் கடிதம் போதும். மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை தவணை, எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு, முடிவெடுப்பவர் யார், பெயர் திரையில் எப்படி வரும், புராஜெக்ட் கோப்புகள் எப்போது கைமாறும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்று தவணை நியாயம்: வேலை தொடங்கும்போது ஒன்று, ரஃப் கட் பார்த்ததும் ஒன்று, படத்தைப் பூட்டியதும் கடைசி. பூட்டிய பிறகு ஒரு பிரேமைக்கூடத் தொடக் கூடாது. ஒலிக்காரரும் வண்ணக்காரரும் அதை நம்பித்தான் வேலை செய்வார்கள். 'படம் ஓடினால் தருகிறேன்' என்பது சம்பளம் அல்ல. லாபத்தில் பங்கு தர விரும்பினால் சம்பளத்துக்கு மேலே கொடுங்கள், சம்பளத்துக்குப் பதிலாக வேண்டாம்.

இளம் எடிட்டர்களுக்கும் இதையே சொல்கிறேன். முதல் படம் என்பதற்காக இலவசமாகச் செய்யாதீர்கள். தொகை சிறிதாக இருக்கட்டும், ஆனால் கடிதத்தில் இருக்கட்டும். இயக்குநர்களே, போஸ்டர் அடிக்கும் முன், மண்டபம் வாடகைக்கு எடுக்கும் முன், எடிட்டரின் கடைசித் தவணையைக் கொடுத்துவிடுங்கள்.